மற்ற படகுகளில் இருந்தவர்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். இந்த மாதம் 3ஆம் தேதி உங்கள் பத்திரிகையில் கல்லறைத் திருநாள் படம் ஒன்று வந்திருந்தது. வரிசையாகக் கல்லறைகள், ஒவ்வொன்றின் மேலும் பூ, மெழுகுதிரி, பக்கத்தில் முக்காடு போட்ட பெண்கள். நல்ல படம். எங்கள் ஊரில் எடுத்தது இல்லை என்று பார்த்ததுமே தெரிந்துவிட்டது. எங்கள் ஊரில் எடுத்திருந்தால், கல்லறைத் தோட்டத்து மதிலுக்கு வெளியே கடலைப் பார்த்தபடி மெழுகுதிரி வைக்கும் பெண்களும் படத்தில் விழுந்திருப்பார்கள். அவர்களில் நானும் ஒருத்தி.

கன்னியாகுமரி மாவட்டத்தின் மேற்குக் கோடியில், கேரள எல்லையை ஒட்டி, நீரோடியில் தொடங்கி இரயுமன்துறை வரை தூத்தூர் கரையில் எட்டு மீனவ ஊர்கள் உண்டு. அதில் ஒன்று என்னுடையது. பெயர் வேண்டாம். எனக்கு வயது 58. 10ஆம் வகுப்பு வரை படித்தேன். கோயிலில் பிள்ளைகளுக்கு ஞாயிற்றுக்கிழமை மறைக்கல்வி வகுப்பு, அதாவது பைபிள் பாடம், 20 வருஷத்துக்கு மேல் எடுத்திருக்கிறேன். அதனால் ஊரில் பாதிப் பேருக்கு நான் டீச்சர். வீட்டுக்காரர் சுறாத் தூண்டில் தொழில் செய்தவர், இடுப்பு போனபிறகு கரையில் இருக்கிறார். ஒரு மகன், ஒரு மகள். மகன் 2017 நவம்பர் தொடக்கத்தில் கொச்சியிலிருந்து போட்டில் போனவன் திரும்பவில்லை. அப்போது அவனுக்கு 27 வயது. போட்டில் அவனோடு சேர்த்து பதினோரு பேர்.

ஒக்கி புயல் பற்றி உங்கள் வாசகர்களுக்குத் தெரிந்திருக்கும், ஆனால் ஏழு வருஷம் ஆகிறதே, கொஞ்சம் சொல்கிறேன். எங்கள் கரைக்காரர்கள் தங்கல் தொழில் செய்கிறவர்கள். ஐஸும் டீசலும் அரிசியும் ஏற்றிக்கொண்டு போனால் 20 நாள், ஒரு மாதம், சில நேரம் அதற்கும் மேல். லட்சத்தீவுக்கு அப்பாலும் போவார்கள். போட்டில் இருக்கிற வயர்லெஸ் கொஞ்ச தூரம்தான் எட்டும். கரையில் மைக் வைத்து 'கடலுக்குப் போகாதீர்கள்' என்று சொன்னால், போய் மூன்று வாரம் ஆனவன் காதில் அது எப்படி விழும்? 29ஆம் தேதி ராத்திரி காற்று தொடங்கியது. 30 வியாழக்கிழமை விடியும்போது எங்கள் வீட்டுக் கூரையில் இரண்டு ஆஸ்பெஸ்டாஸ் ஷீட் இல்லை. மாவட்டம் முழுக்க ரப்பரும் வாழையும் சாய்ந்து கிடந்தன, பல நாள் கரண்ட் கிடையாது. நான் முதலில் கூரையைப் பற்றித்தான் புலம்பினேன். மகன் தூரத்தில் இருக்கிறான், காற்று இங்கேதானே அடிக்கிறது என்று நினைத்துக்கொண்டு இருந்திருக்கிறேன். இன்றைக்கு அதை நினைத்தாலும் உடம்பு கூசுகிறது.

நவம்பர் 30 எங்களுக்குப் பெலவேந்திரர் திருநாள். பைபிளில் அந்திரேயா என்று இருக்கிற, பேதுருவின் சகோதரரை எங்கள் பழைய ஆட்கள் அப்படித்தான் சொல்வார்கள். அவரும் வலை இழுத்தவர். மீன்பிடிக்கிறவனுடைய திருநாளன்று மீன்பிடிக்கிறவர்களை எடுத்தது என்ன கணக்கு என்று அன்றைக்கு ராத்திரியே பீடத்துக்கு முன்னால் நின்று கேட்டேன். மூன்று நாளில் கோட்டாறு சவேரியார் திருவிழா தேர். சவேரியாரிடமும் கேட்டேன். அவர் 1544இல் எங்கள் கரைகளில் நடந்து திரிந்து எங்கள் பாட்டன் முப்பாட்டன்களுக்கு ஞானஸ்நானம் கொடுத்தவர் அல்லவா, பொறுப்பு அவருக்கும் உண்டுதானே.

அப்புறம் டிசம்பர் 7 அன்று ஆயிரக்கணக்கான பேர் நடந்தே குழித்துறை ரயில் நிலையத்துக்குப் போய்த் தண்டவாளத்தில் உட்கார்ந்தோம். தேடப் போங்கள் என்பதுதான் கோரிக்கை. நான் வாழ்க்கையில் மனம் ஒன்றிச் சொன்ன செபமாலை அந்தத் தண்டவாளத்தில் சொன்னதுதான். கோயிலில் சொல்லும்போது அடுப்பில் இருக்கிற கறி ஞாபகம் வரும். அன்று வரவில்லை.

அதற்குப் பிறகு ரத்தம் கொடுத்தோம். கேரளத்து ஆஸ்பத்திரிகளில் அடையாளம் தெரியாத உடல்கள் இருந்தன, டிஎன்ஏ ஒத்துப் பார்க்க வேண்டும் என்றார்கள். நானும் வீட்டுக்காரரும் கை நீட்டினோம். நமக்கு ஒத்துப்போகக் கூடாதே என்று வேண்டிக்கொண்டு ரத்தம் கொடுத்தேன். பிறகு ஒத்துப்போகவே இல்லை என்று தெரிந்தபோது, ஒத்துப்போயிருக்கக் கூடாதா என்று அழுதேன். ஆண்டவர் எதைக் கேட்பார் பாவம்.

இனி நான் எழுத வந்த விஷயம். வீட்டுக்கு ஆட்கள் வந்துகொண்டே இருந்தார்கள். எல்லாரும் நல்ல மனசோடுதான் வந்தார்கள், அதில் சந்தேகம் இல்லை. 'ஆண்டவர் தாம் நேசிக்கிறவர்களைத்தான் சோதிப்பார்' என்றார்கள். 'நல்லவர்களைச் சீக்கிரம் கூப்பிட்டுக்கொள்வார்' என்றார்கள். 'டீச்சரே அழுதால் மற்றவர்கள் என்ன செய்வார்கள்' என்றார்கள். அரசாங்கம், காணாமல் போனவர்களை இறந்தவர்களாகக் கருத ஏழு ஆண்டு காத்திருக்கச் சொல்லாமல், குடும்பத்துக்கு 20 லட்சம் அறிவித்த பிறகு, ஒரு சொந்தக்காரி 'ஆண்டவர் ஒரு வாசலை அடைத்தால் இன்னொன்றைத் திறப்பார்' என்றாள். அவளோடு நான் இரண்டு வருஷம் பேசவில்லை. இப்போது பேசுகிறேன், ஆனால் பணத்தைப் பற்றி இல்லை.

இதையெல்லாம்விடப் பெரியது ஒன்று நடந்தது. நாத்தனார் என்னை ஒரு செபக் கூட்டத்துக்குக் கூட்டிக்கொண்டு போனாள். மேடையில் இருந்த போதகர் என் தலையில் கை வைத்துவிட்டு, இந்த வீட்டில் அறிக்கையிடாத பாவம் ஒன்று இருக்கிறது என்றார். மைக்கில். ஆயிரம் பேர் 'ஆமென்' சொன்னார்கள். நான் பஸ்ஸில் வரும்போது எங்கள் வீட்டுப் பாவங்களை விரல் விட்டு எண்ணிக்கொண்டே வந்தேன். மாமியாரோடு போட்ட சண்டை, மீன் விற்கிற இடத்தில் சொன்ன பொய், அவன் சின்ன வயசில் பூசைக்குப் போகாததற்கு நான் அடித்த அடி. பத்து விரலும் தீர்ந்துபோனது. அப்படிப் பார்த்தால் 30ஆம் தேதி எட்டு ஊரும் மொத்தமாக மூழ்கியிருக்க வேண்டும் என்று தோன்றியது. அதற்குப் பிறகு அந்தப் பக்கம் போகவில்லை.

வீட்டுக்கு வந்து பைபிளில் யோபு ஆகமத்தை எடுத்தேன். வகுப்பில் யோபுவை எத்தனையோ முறை சொல்லியிருக்கிறேன். பொறுமைசாலி யோபு, எல்லாம் இழந்தார், எல்லாம் திரும்பக் கிடைத்தது என்று பத்து நிமிஷத்தில் முடித்துவிடுவேன். நடுவில் இருப்பதை முழுசாகப் படித்தது அப்போதுதான். பொறுமையாவது! அந்த மனுஷன் தான் பிறந்த நாளைச் சபிக்கிறார், ஆண்டவரை வழக்காட வா என்று கூப்பிடுகிறார். கூட இருக்கிற நண்பர்கள்தான் ஆண்டவருக்கு வக்கீலாக நின்று, உன் பேரில்தான் தப்பு என்று பக்கம் பக்கமாகப் பேசுகிறார்கள். கடைசியில் ஆண்டவருக்குக் கோபம் வந்தது அந்த வக்கீல்கள் மேல். என்னைப் பற்றிச் சரியாகப் பேசினவன் யோபுதான் என்று சொல்லிவிடுகிறார். நான் ராத்திரி இரண்டு மணிக்கு வீட்டுக்காரரை எழுப்பி இதைப் படித்துக் காட்டினேன். அவர் 'இதை உன் போதகர் படிக்கலையா' என்று கேட்டுவிட்டுத் திரும்பிப் படுத்தார்.

எங்கள் மாவட்டத்துக்கும் யோபுவுக்கும் ஒரு பழைய பழக்கம் உண்டு. 2022 மே 15 அன்று புனிதராக அறிவிக்கப்பட்ட தேவசகாயம் பிள்ளை, முன்னே நீலகண்டனாக இருந்தபோது, மாடுகளும் சொத்தும் போய் மனம் உடைந்திருந்தார். 1741 குளச்சல் போரில் பிடிபட்டு, பிறகு திருவிதாங்கூர் படைக்கே தளபதியான டச்சுக்காரர் டிலனாய்தான் அவருக்கு யோபுவின் கதையைச் சொன்னார் என்பார்கள். அதில் தொடங்கிய விசுவாசம் 1752 ஜனவரி 14 அன்று காற்றாடிமலையில் துப்பாக்கிக் குண்டில் போய் முடிந்தது. விட்டதெல்லாம் அவருக்குத் திரும்பக் கிடைத்ததாக யாரும் சொல்லவில்லை. காட்டில் எறிந்த உடலின் மிச்சத்தை ஆட்கள் தேடி எடுத்து கோட்டாறு கோயிலில் அடக்கம் செய்தார்கள். நான் அந்தக் கல்லறைக்குப் போகும்போது எனக்கு அவருடைய மனைவி ஞானப்பூ அம்மாள் ஞாபகம்தான் வரும். அவருக்கு மண்டியிட ஒரு இடமாவது இருந்தது என்று பொறாமைப்பட்டிருக்கிறேன். புனிதரின் பெண்டாட்டி மேல் பொறாமைப்பட்டதைப் பாவசங்கீர்த்தனத்தில் சொன்னேன். அச்சன், எங்கள் பங்குச் சாமியார், சிரித்துவிட்டார்.

யோபுவின் நண்பர்களைத் திட்டுகிறோம், ஆனால் அவர்கள் முதலில் செய்தது நல்ல காரியம். ஏழு பகல் ஏழு இரவு ஒரு வார்த்தை பேசாமல் அவரோடு தரையில் உட்கார்ந்திருந்தார்கள். எட்டாம் நாள் வாயைத் திறந்ததில்தான் எல்லாம் கெட்டது. எனக்கும் அப்படி ஒருத்தி வாய்த்தாள். பக்கத்து வீட்டுக் கிழவி, தலையில் பெட்டி வைத்து மீன் விற்றவள், புருஷன் பல வருஷத்துக்கு முன்பே கடலில் போனவர். விடியற்காலம் நாலரைக்கு வருவாள், திண்ணையில் உட்காருவாள், வெற்றிலை போடுவாள். எட்டு மணிக்குச் சந்தைக்குப் போய்விடுவாள். ஒன்பதாம் நாளோ பத்தாம் நாளோ, 'சாயா போட்டா எனக்கும் ஒரு கிளாஸ் தா' என்றாள். அதற்காக எழுந்து அடுப்பைப் பற்ற வைத்தேன். புயலுக்குப் பிறகு நானாக மூட்டிய முதல் அடுப்பு அது.

சரி, இனி கொஞ்சம் கஷ்டமான இடம்.

மருமகள் அப்போது மூன்று மாதக் கர்ப்பிணி. 2018 ஜூனில் பேரன் பிறந்தான். நாலு வருஷம் அவள் எங்களோடுதான் இருந்தாள். அவளுக்கு வயது 23, 24, 25 என்று ஏறிக்கொண்டே போவதை நான் பார்த்துக்கொண்டிருந்தேன். நானே அவள் அம்மாவிடம் போய்ப் பேசினேன். வளைகுடாவில் வேலை செய்கிற ஒரு பையன் கேட்டான். கடலுக்குப் போகிறவன் வேண்டாம் என்பது மட்டும்தான் என் நிபந்தனை.

ஆனால் எங்கள் சபையில் கணவன் காணாமல் போனான் என்பதற்காக மட்டும் இன்னொரு திருமணம் நடத்த முடியாது. இறந்ததற்கு ஆதாரம் கையில் இல்லாவிட்டால், அவர் இறந்துவிட்டதாகவே கருதலாம் என்று ஆயர் அறிவிக்க வேண்டும். எத்தனை வருஷம் போனாலும் வருஷக் கணக்கு மட்டும் போதாது. சாட்சிகளைக் கேட்டு அவருக்கு மனதில் நிச்சயம் வர வேண்டும். நாங்கள் இருப்பது தமிழ்நாடு என்றாலும் எங்கள் கோயில்கள் திருவனந்தபுரம் லத்தீன் உயர்மறைமாவட்டத்தில் வருகின்றன. அங்கிருந்து வந்த அச்சன், பங்கு மேடையில், அதாவது எங்கள் சாமியார் தங்கும் வீட்டில், ஒரு மேசை போட்டு உட்கார்ந்து, என்னிடம் கேட்டார். மரியாதையாகத்தான் கேட்டார். உங்கள் மகனிடமிருந்து ஏதாவது செய்தி வந்ததா? அந்த போட்டில் போன வேறு யாராவது திரும்பினார்களா? அவர் உயிரோடு இருக்க வாய்ப்பு இருப்பதாக நீங்கள் நினைக்கிறீர்களா?

அந்த நாலு வருஷமும் எங்கள் கரையில் ஒரு பேச்சு ஓடிக்கொண்டிருந்தது. ஏதோ தீவில் ஒதுங்கியிருக்கிறார்கள், ஏதோ நாட்டு ஜெயிலில் இருக்கிறார்கள் என்று. நானும் அதைப் பிடித்துக்கொண்டிருந்தேன். இறந்தவர்களுக்குக் கொடுக்கிற ஆத்தும பூசையை அவனுக்காக நான் கொடுக்கவே இல்லை. பூசை எழுதும்போது 'பயணம் செய்கிறவர்களுக்காக' என்றுதான் எழுதச் சொல்வேன். கோயில் வேலைகளைப் பார்க்கிற கோயில் பிள்ளை ஒன்றும் கேட்காமல் எழுதிக்கொள்வார். அவன் வருவான் என்று நம்புவதுதான் என் விசுவாசம், அதை விட்டால் ஆண்டவரையே விட்டதாகிவிடும் என்று இருந்தேன்.

'இல்லை அச்சா, வாய்ப்பு இல்லை' என்று சொல்லிக் கையெழுத்துப் போட்டேன். பேனா எழுதவில்லை, உதறிவிட்டு மறுபடி போட வேண்டியதாயிற்று. வெளியே வந்தபோது யார் வீட்டுச் சேவலோ கூவியது. மத்தியான நேரம், அது எப்போதும் கூவும் சேவல்தான். ஆனாலும், சேவல் கூவுமுன் மூன்று தடவை இயேசுவைத் தெரியாது என்று சொன்ன பேதுரு ஞாபகம் வந்து, மதில் ஓரமாக உட்கார்ந்துவிட்டேன்.

அன்றைக்கு ராத்திரி செபம் சொல்ல வரவில்லை. வாயில் வந்தது சிலுவையில் இயேசு சொன்னதுதான், 'என் இறைவா, என் இறைவா, ஏன் என்னைக் கைவிட்டீர்?' அது அவரே சொந்தமாகச் சொன்னது இல்லை, 22ஆம் திருப்பாடலின் முதல் வரி என்று வகுப்பில் சொல்லிக் கொடுத்தவள் நான். தமக்கென்று வேறு வார்த்தை கிடைக்காமல், வீட்டில் சின்ன வயசில் மனப்பாடம் செய்ததை எடுத்துச் சொல்லியிருக்கிறார். எனக்கும் வேறு கிடைக்கவில்லை. சொல்லிக்கொண்டே தூங்கிவிட்டேன். அடுத்த ஞாயிற்றுக்கிழமை அவன் பெயருக்கு முதல் ஆத்தும பூசை கொடுத்தேன். மருமகள் கல்யாணத்தில் பெண்ணுக்குத் தலையில் பூ வைத்தது நான்தான். பேரன் இப்போது அவர்களோடு இருக்கிறான், சனிக்கிழமை தோறும் என்னிடம் வந்துவிடுவான்.

வீட்டுக்காரர் இன்று வரை கோயிலுக்குள் வருவதில்லை. பூசை நேரத்தில் கோயிலின் பின் மதிலை ஒட்டி, ஸ்பீக்கர் கேட்கிற தூரத்தில், வலையைப் பிரித்து வைத்துக்கொண்டு உட்காருவார். பிரசங்கம் நீண்டால் எழுந்து போய்விடுவார், நன்மை, அதாவது நற்கருணை அப்பம், கொடுக்கும் நேரத்துக்குத் திரும்பி வருவார். யார் யாரோ அவரைத் திருத்த வந்தார்கள். நான் திருத்தப் போவதில்லை.

நான் மறைக்கல்வி வகுப்பைப் புயலுக்குப் பிறகு நிறுத்தியிருந்தேன். காரணம் வெளியே சொன்னது முழங்கால் வலி. உண்மையான காரணம் பைபிளில் மாற்கு நாலாம் அதிகாரம். இயேசு படகின் பின்பக்கம் தலையணை வைத்துத் தூங்குவார், புயல் வரும், 'சாகப்போகிறோமே, உமக்குக் கவலை இல்லையா' என்று சீடர்கள் எழுப்புவார்கள், அவர் காற்றை அதட்டுவார். வருஷா வருஷம் அதைப் படம் வரையச் சொல்லித்தான் நடத்துவேன். எங்கள் பிள்ளைகள் படகு வரைந்தால் ஜிபிஎஸ், எக்கோ சவுண்டர் எல்லாம் வைத்து வரைவார்கள். அதை இனி எப்படி நடத்துவது?

போன வருஷம் புது டீச்சர் கல்யாணமாகிப் போனதால் மறுபடி கூப்பிட்டார்கள், போனேன். நாலாம் அதிகாரமும் வந்தது. பிள்ளைகளை ஆளுக்கு ஒரு வரி வாசிக்கச் சொன்னேன். ஒரு பையன், அவனுடைய அப்பாவும் ஒக்கியில் போனவர், அவனுக்கு வந்த வரியில் 'வேறு படகுகளும் அவருடன் சென்றன' என்று இருந்தது. வாசித்துவிட்டுத் தலையைத் தூக்கி, 'டீச்சர், அந்த மத்த படகுல இருந்தவங்க என்ன ஆனாங்க?' என்றான்.

20 வருஷம் நடத்தியிருக்கிறேன், அந்த வரி என் கண்ணில் பட்டதே இல்லை. ஊர்ப் பெரியவர்கள், பிரசங்கம் வைக்கிற அச்சன்மார் யாரும் அதைச் சொல்லிக் கேட்டதில்லை. சீடர்கள் படகில் இயேசு இருந்தார், எழுப்பினார்கள், சரி. பக்கத்துப் படகுகளில் இருந்தவர்கள் யாரை எழுப்பினார்கள்? மாற்கு ஏன் அவர்களை ஒரே வரியில் சொல்லிவிட்டுப் பிறகு மறந்துபோனார்? 'எனக்குத் தெரியலை மக்களே' என்றேன். பையன் விடவில்லை. 'காத்து நின்னா எல்லாருக்கும்தானே நின்னிருக்கும்' என்று அவனே சொன்னான். 'ஆமா, கடல் ஒண்ணுதானே' என்றாள் ஒரு பெண் பிள்ளை. 'அதுக்கு முன்னாடியே முங்கியிருந்தா?' என்றான் இன்னொருவன். மணி அடித்துவிட்டது. அடுத்த வாரமும் அதையேதான் பேசினோம். இன்னும் முடியவில்லை. அந்த வகுப்புக்காகத்தான் நான் இப்போது ஞாயிற்றுக்கிழமையை எதிர்பார்த்துக்கொண்டிருக்கிறேன் என்று சொன்னால் நம்புவீர்களா தெரியாது.

வாசகர்களிடம் நான் கேட்பது ஒன்றுதான். சாவு வீட்டுக்குப் போனால், அதுவும் உடல் வராத சாவு வீட்டுக்குப் போனால், ஆண்டவர் சார்பில் விளக்கம் சொல்லாதீர்கள். உட்கார்ந்திருங்கள். சாயா கேளுங்கள்.

உங்களிடமும் ஒரு வேண்டுகோள். இந்த 30ஆம் தேதி மாலை உங்கள் புகைப்படக்காரர் எங்கள் கரைக்கு வரலாம். ஆறு மணிக்கு வந்தால் வெளிச்சம் இருக்கும், ஃபிளாஷ் போட வேண்டாம். மெழுகுதிரி கடற்கரைக் காற்றில் நிற்காது. சிரட்டையைப் பாதி மணலில் புதைத்து அதற்குள் வைக்க வேண்டும். பேரன் போன வருஷம் அப்பாவுக்கு ஒன்று வைத்தான். இந்த வருஷம் வீட்டுக் கொல்லையில் பதினோரு சிரட்டை பொறுக்கிக் கழுவி வைத்திருக்கிறான். எண்ணிக்கை யார் சொல்லிக் கொடுத்தார்கள் என்று கேட்டேன். தாத்தா என்றான்.

இப்படிக்கு,
ஒரு மறைக்கல்வி ஆசிரியை,
தூத்தூர் கடற்கரை, கன்னியாகுமரி மாவட்டம்.
நவம்பர் 2024